குட்டை பிஸ்டலா, நீளக் குழலா? கிளப் மேட்சுக்குத் துப்பாக்கி வாங்கும் முன் கேட்கப்படும் கேள்விகள்

டெக்சாஸில் எங்கள் ஊரைத் தாண்டி நாற்பது நிமிடம் காரில் போனால் ஒரு ரேஞ்ச் வரும். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அங்கே கிளப் மேட்ச். பரிசுப் பணம் கிடையாது. காலை எட்டு மணிக்குப் போய்ப் பெயர் கொடுத்து, ஐந்தாறு ஸ்டேஜ் (இலக்குகள் அடுக்கிய தனித்தனிச் சுற்று) சுட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். சில ஆண்டுகளாக நான் தவறாமல் போய்வருகிறேன். கூட வரும் தமிழ் நண்பர்களும், வரலாமா என்று யோசிப்பவர்களும் வாட்ஸ்அப்பில் அனுப்பும் கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: காம்பேக்ட் வாங்குவதா, குழல் நீளமானதை வாங்குவதா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

உதாரணத்துக்கு கிளாக் கம்பெனித் துப்பாக்கிகளை எடுத்துக்கொள்கிறேன். அதே விசை, அதே உள்ளமைப்பில் மூன்று நீளத்தில் கிடைப்பதால் ஒப்பிட வசதி. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், வால்தர், சிக் சாவர் வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான்.

காம்பேக்ட், ஃபுல் சைஸ், நீளக் குழல் என்கிறார்களே, அளவில் எவ்வளவு வித்தியாசம்?

கிளாக் 19 காம்பேக்ட். குழல் 102 மி.மீ., அதாவது நான்கு அங்குலம். கிளாக் 17 ஃபுல் சைஸ், குழல் 114 மி.மீ. போட்டிக்கென்றே 1998-இல் வந்த கிளாக் 34-இன் குழல் 135 மி.மீ. ஆக, குட்டைக்கும் நீளத்துக்கும் இடையே 33 மி.மீ.தான். கட்டைவிரலின் நுனிக்கணு அளவு.

பலரும் கவனிக்காத இன்னொரு அளவு உண்டு. மேகசினோடு (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) சேர்த்து உயரம் கிளாக் 19-க்கு 128 மி.மீ., மற்ற இரண்டுக்கும் 139 மி.மீ. பிடியில் 11 மி.மீ. குறைகிறது. இந்த 11 மி.மீட்டரை நினைவில் வையுங்கள், மேட்சில் அந்த 33-ஐவிட இதுதான் அதிகம் பேசும்.

நீளக் குழல் இருந்தால் குறி தப்பாது என்பது உண்மையா?

துப்பாக்கியை ஒரு இடுக்கியில் இறுக்கி வைத்துச் சுட்டால் கிளாக் 19-க்கும் 34-க்கும் நீங்கள் கண்ணால் பார்த்துச் சொல்லும்படியான வேறுபாடு இருக்காது. தோட்டா நான்கு அங்குலத்திலேயே போதுமான அளவு சுழன்றுவிடுகிறது. குழல் நீளம் உதவுவது தோட்டாவுக்கு அல்ல, உங்கள் கண்ணுக்கு. துப்பாக்கியின் மேல் குறி பார்க்க இருக்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே உள்ள தூரம் கிளாக் 19-இல் 153 மி.மீ., கிளாக் 34-இல் 192 மி.மீ. அந்தத் தூரம் கூடக்கூட, முன்குறி ஒரு பக்கம் நகர்ந்திருப்பதைக் கண் சீக்கிரம் பிடித்துவிடும். அதே அளவு நகர்ந்திருந்தாலும் இலக்கில் விலகல் குறைவாக இருக்கும்.

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். பின்குறியின் பிளவுக்குள் முன்குறி ஒரு மி.மீ. தள்ளி நிற்கிறது என்று வையுங்கள். 10 மீட்டரில் கிளாக் 19-இன் தோட்டா 65 மி.மீ. விலகிப் போகும், கிளாக் 34-இன் தோட்டா 52 மி.மீ. நாங்கள் சுடும் அட்டை இலக்கில் அதிகப் புள்ளி தரும் நடுப்பகுதி ‘ஏ’, சுமார் 150 மி.மீ. அகலம். அதைச் சுற்றி இருப்பது குறைந்த புள்ளி தரும் ‘சி’. நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு 75 மி.மீ. இடம் இருக்கிறது. ஆகவே இரண்டுமே ‘ஏ’ தான்.

இப்போது இலக்கை 25 மீட்டருக்குத் தள்ளுங்கள், தவறை அரை மி.மீட்டராகக் குறையுங்கள். கிளாக் 19-க்கு விலகல் 82 மி.மீ., கிளாக் 34-க்கு 65. முதலாவது ‘ஏ’ கோட்டைத் தாண்டி ‘சி’ ஆகிவிட்டது, இரண்டாவது இன்னும் ‘ஏ’க்குள். நீளக் குழலின் பலன் இருப்பது இங்கேதான். சரி, கிளப் மேட்சில் 25 மீட்டர் இலக்கு எத்தனை வரும்? எங்கள் ரேஞ்சில் ஸ்டேஜுக்கு ஒன்றிரண்டு வந்தால் அதிகம். பெரும்பாலானவை 5 முதல் 15 மீட்டருக்குள் நிற்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். விசையை வெடுக்கென்று இழுத்தால் வரும் தவறு அரை மி.மீ. கணக்கில் நிற்பதில்லை. அதை எந்தக் குழலும் திருத்தாது. வீட்டில் காலித் துப்பாக்கியோடு தினமும் பத்து நிமிடம் விசை பழகுவது ஒன்றே திருத்தும்.

ரெட் டாட் போட்டால்?

ரெட் டாட் என்பது துப்பாக்கியின் மேல் மாட்டும், சிவப்புப் புள்ளி காட்டும் சின்னக் கண்ணாடி. அதைப் போட்டால் மேலே போட்ட கணக்கு முழுவதும் செல்லாது. கண்ணாடியில் ஒரே ஒரு புள்ளிதான் தெரியும். முன்குறி, பின்குறி என்ற பேச்சே இல்லை. ரெட் டாட் மாட்டிய காம்பேக்டும் நீளக் குழலும் குறி பார்ப்பதில் சமம். வயது நாற்பதைத் தாண்டி, முன்குறி மங்கலாகத் தெரிகிறது என்பவர்கள் குழல் நீளத்துக்குக் கொடுக்கும் பணத்தை ரெட் டாட்டுக்குக் கொடுங்கள். இதை நான் தயங்காமல் சொல்வேன்.

அப்படியென்றால் எந்த அளவைத்தான் பார்த்து வாங்குவது?

பிடியை. என் முதல் மேட்சில் நடந்ததைச் சொல்கிறேன். கிளாக் 19, 15 தோட்டா மேகசின். ஜூலை வெயிலில் கையெல்லாம் வியர்வை. மூன்றாவது ஸ்டேஜில் ஓடிக்கொண்டே மேகசின் மாற்ற வேண்டும். பழைய மேகசினை விடுவிக்கும் பொத்தானை அழுத்தினேன், விழவில்லை. என் உள்ளங்கையின் சதை பிடியின் அடிவிளிம்புக்குக் கீழே தொங்கிக்கொண்டு மேகசினின் அடித்தட்டைத் தாங்கிப் பிடித்திருந்தது. கையைத் தளர்த்தி அதை விழவைத்து, புதியதை அறைந்து ஏற்றியபோது அதே சதை பிடிக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் மாட்டியது. தோல் கன்றி, சுண்டுவிரலுக்குக் கீழே ரத்தம் கட்டிய சின்னக் கொப்புளம். வலி இரண்டு நாளில் போய்விட்டது. இழந்த இரண்டு வினாடிதான் திரும்பி வரவில்லை.

அது எவ்வளவு பெரிய இழப்பு என்று புரிய மதிப்பெண் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். யூ.எஸ்.பி.எஸ்.ஏ. என்ற அமெரிக்கச் சங்கத்தின் போட்டியில் எடுத்த புள்ளியை ஆன வினாடியால் வகுப்பார்கள். 60 புள்ளி ஸ்டேஜை 12 வினாடியில் முடித்தால் மதிப்பு 5. எல்லாமே ‘ஏ’ அடித்து, மேகசினில் தடுமாறி 14 வினாடி ஆனால் 4.29. தடுமாறாமல் 12 வினாடியிலேயே முடித்து, இரண்டு குண்டு ‘ஏ’க்குப் பதில் ‘சி’யில் விழுந்தால்? 9 மி.மீ. தோட்டா சுடுபவருக்கு ‘ஏ’ ஐந்து புள்ளி, ‘சி’ மூன்று. மொத்தம் 56, மதிப்பு 4.67. ஒரு மோசமான மேகசின் மாற்றம் இரண்டு ‘சி’யைவிட அதிகம் தின்கிறது. குழலின் 33 மி.மீ. அந்த ‘சி’களில் ஒன்றைக் காப்பாற்றலாம். பிடியின் 11 மி.மீ. அந்த இரண்டு வினாடியையே காப்பாற்றும்.

சுண்டுவிரலுக்கு இடம் கிடைப்பதும் முக்கியம். மூன்று விரலும் பிடியில் முழுதாக உட்கார்ந்து, இடது கை அதன்மேல் இறுக்கமாகச் சுற்றினால்தான் துப்பாக்கி ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்குத் திரும்பி வரும்.

கை சின்னதாக இருப்பவர்கள் காம்பேக்ட்தான் தங்களுக்குச் சரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். கிளாக் 19, 17, 34 மூன்றிலும் பிடியின் சுற்றளவும், பிடியின் முதுகிலிருந்து விசைக்கு உள்ள தூரமும் ஒன்றே. காம்பேக்டில் குறைவது உயரம் மட்டும். விரல் விசைக்கு எட்டவில்லையென்றால் காம்பேக்டிலும் எட்டாது, பிடியின் பின்தட்டை மெலிதாக மாற்றவேண்டும் அல்லது வேறு கம்பெனியைப் பார்க்கவேண்டும்.

நீளமானது உதைப்பு குறைவாக இருக்குமாமே?

கொஞ்சம். முன்பக்கம் சற்றுக் கனமாக இருப்பதால் குழல்வாய் எழும்புவது குறையும். ஆனால் கிளாக்கில் 19-க்கும் 34-க்கும் எடை வித்தியாசம் 100 கிராமுக்குள்தான்.

உதைப்பை உண்மையில் அடக்குவது எடை. சி.இசட். ஷேடோ 2 என்றொரு துப்பாக்கி உண்டு. முழு எஃகு, 1,300 கிராமுக்கு மேல், கிளாக் 19-ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதன் குழல் சுமார் 120 மி.மீ., கிளாக் 34-ஐவிடக் குட்டை. ஆனாலும் ஒருமுறை நண்பருடையதை வாங்கிச் சுட்டபோது, 9 மி.மீ. தோட்டாதானா என்று மேகசினை எடுத்துப் பார்த்தேன். அவ்வளவு சாது.

இடுப்பு உறையிலிருந்து எடுக்க காம்பேக்ட் வேகமா?

கணக்குப்படி வேகம். 33 மி.மீ. குறைவாக உருவினால் போதும். நடைமுறையில், கை பிடியில் சரியாக விழுந்ததா இல்லையா என்பதுதான் நேரத்தைத் தீர்மானிக்கிறது. மறுபடியும் பிடி.

எந்தப் பிரிவில் எது செல்லும்? விதிகள் குழப்பமாக இருக்கின்றன.

குழப்பம்தான், வாங்கிவிட்டு வருந்தியவர்கள் உண்டு. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

அமெரிக்காவில் கிளப் அளவில் அதிகம் நடப்பவை மூன்று. யூ.எஸ்.பி.எஸ்.ஏ., 1984-இல் தொடங்கியது. ஓட்டமும் சூடுமாக இருக்கும். ஐ.டி.பி.ஏ., 1996-இல் வந்தது. அன்றாடம் இடுப்பில் வைத்துக்கொள்ளும் துப்பாக்கியை வைத்துச் சுடுவது அதன் நோக்கம். ஸ்டீல் சேலஞ்ச், 1981 முதல். நின்ற இடத்திலிருந்து இரும்புத் தட்டுகளைச் சுடுவது.

ஐ.டி.பி.ஏ.வில் ஒரு பெட்டி இருக்கிறது. துப்பாக்கி அதற்குள் அடங்கவேண்டும். வழக்கமான பிரிவுகளுக்கு அந்தப் பெட்டி எட்டே முக்கால் அங்குல நீளம். கிளாக் 34 அதற்குள் மயிரிழையில் அடங்கும். அதற்கு முன் வந்த, ஆறு அங்குலக் குழல் கொண்ட கிளாக் 17எல் அடங்காது. அதே போட்டியில் காம்பேக்டுகளுக்கென்றே ஒரு தனிப் பிரிவும் உண்டு, குழல் 4.375 அங்குலத்துக்குள் இருக்கவேண்டும். கிளாக் 19 அங்கே தன்னைப் போன்றவற்றோடு மட்டும் போட்டி போடும். காம்பேக்ட் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நியாயமான இடம் வேறு கிடைக்காது. மேலே புகழ்ந்த ஷேடோ 2 ஐ.டி.பி.ஏ. பக்கம் போனால் எடை வரம்பில் மாட்டிக்கொள்ளலாம். அதையும் தெரிந்து வாங்குங்கள்.

யூ.எஸ்.பி.எஸ்.ஏ.வில் கிளாக் 19, 34 இரண்டையும் புரொடக்ஷன் பிரிவில் (பெரிதாக மாற்றம் செய்யாத, தொழிற்சாலைத் துப்பாக்கிகளுக்கானது) சுடலாம். ரெட் டாட் மாட்டினால் கேரி ஆப்டிக்ஸ் பிரிவு. அங்கே மேகசின் நீளம் 141.25 மி.மீ. வரை போகலாம் என்பதால் நீட்டிய மேகசின் போட்டு இருபதுக்கு மேல் தோட்டா நிரப்புகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஐ.பி.எஸ்.சி. என்ற சர்வதேச அமைப்பின் விதிப்படி புரொடக்ஷன் பிரிவில் குழல் 127 மி.மீட்டரைத் தாண்டக்கூடாது. கிளாக் 34-இன் 135 அங்கே செல்லாது. அமெரிக்க வீடியோவைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

குழல் நீளம் தொடும் இன்னொரு விதி, பவர் ஃபேக்டர், அதாவது தோட்டாவின் வலுவைக் காட்டும் எண். குண்டின் எடையை கிரெயினிலும் (குண்டுக்கான சின்ன எடை அளவு), வேகத்தை வினாடிக்கு அடியிலும் எடுத்து, பெருக்கி ஆயிரத்தால் வகுக்கவேண்டும். யூ.எஸ்.பி.எஸ்.ஏ.வில் குறைந்தது 125 வரவேண்டும். 115 கிரெயின் குண்டு 1,100 அடி வேகத்தில் போனால் 126.5, தேறிவிட்டது. அதே தோட்டா குட்டைக் குழலில் 1,080 அடிக்கு இறங்கினால் 124.2, தேறவில்லை. குழல் குறையக் குறைய வேகம் சில பத்து அடி குறையும் என்பதால், வீட்டில் தோட்டா தயாரிப்பவர்களும் மென்மையான போட்டித் தோட்டா வாங்குபவர்களும் காம்பேக்டில் இதைச் சரிபார்க்கவேண்டும். சாதாரணக் கடைத் தோட்டாவுக்குக் கவலை வேண்டாம். கிளப் மேட்சில் வேகம் அளப்பதும் அபூர்வம்.

என்னிடம் ஏற்கனவே கிளாக் 19 இருக்கிறது. நீளமானது வாங்கவேண்டுமா?

வேண்டாம். ஒரு வருடம் அதையே சுடுங்கள்.

வாங்கவேண்டியது வேறு: மூன்று கிளாக் 17 மேகசின். அவை கிளாக் 19-இல் சரியாகப் பொருந்தும், அடியில் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். நீட்டிக்கொண்டிருப்பதால் உள்ளங்கை மாட்டுவது பெரும்பாலும் நின்றுவிடும், 17 தோட்டா ஏற்றலாம், பிரிவின் வரம்பு எவ்வளவோ அவ்வளவு மட்டும் நிரப்பிக்கொள்ளுங்கள். பின்னால் நீளமான துப்பாக்கி வாங்கினால் அதே மேகசின்கள் அதற்கும் போகும். கிளாக் 19 மேகசின் 34-க்குப் போகாது, குட்டையாக இருந்து உள்ளே பிடிபடாது. உறை விஷயத்திலும் இப்படியே: வாய் திறந்த நீள உறையில் குட்டைத் துப்பாக்கி பெரும்பாலும் உட்காரும். ஆக, நாளைக்கு நீளமானது வாங்குவீர்கள் என்று தோன்றினால் இன்றைக்கே அதற்கான உறையையும் மேகசினையும் வாங்கிவிடுங்கள்.

என்னிடம் துப்பாக்கி ஒன்றுமே இல்லை. ஒரே ஒரு துப்பாக்கிதான் வாங்கப்போகிறேன்.

போட்டிக்கு மட்டும் என்றால் ஃபுல் சைஸ் பிடி, நாலரை முதல் ஐந்து அங்குலக் குழல். வீட்டுக் காவலுக்கும் போட்டிக்கும் என்றாலும் இதுவே. உடலில் வைத்துக்கொண்டு வெளியே போகவும் வேண்டும் என்றால் மட்டும் காம்பேக்டை யோசியுங்கள், ஏனென்றால் சட்டைக்கு அடியில் துருத்திக்கொண்டு காட்டிக்கொடுப்பது குழலல்ல, பிடி.

நடுவழியும் இருக்கிறது. கிளாக் 45-இல் நீளப் பிடி, குட்டைக் குழல். ரெட் டாட் போடுவதாக இருந்தால் அது நல்ல தேர்வு, என் நண்பர்களில் இரண்டு பேர் அதில்தான் சுடுகிறார்கள்.

இதைவிடச் சின்னது, சட்டைப்பை அளவில் இருப்பது?

மேட்சுக்கு வேண்டாம். கிளாக் 26-இன் குழல் 87 மி.மீ.தான். பதற்றத்தில் இடது கை விரல் முன்னால் சறுக்கினால் குழல்வாய்க்கு வெகு அருகில் போய்விடும். புதியவர் டைமர் சத்தம் கேட்டுக்கொண்டு பழகவேண்டிய துப்பாக்கி அதுவல்ல.

பாயிண்ட் 22 என்ற சின்னத் தோட்டா சுடும் துப்பாக்கி வைத்துப் போட்டியிட முடியுமா?

முடியும், ஸ்டீல் சேலஞ்சில். குடும்பமாக வருபவர்களுக்கு நான் முதலில் காட்டும் வழி இதுதான். பாயிண்ட் 22 பிரிவில் உறையே தேவையில்லை. துப்பாக்கியைக் கையில் பிடித்து, முன்னால் தரையில் வைத்திருக்கும் அடையாளத்தை நோக்கித் தாழ்த்தி நிற்பீர்கள், பீப் வந்ததும் ஐந்து தட்டைச் சுடுவீர்கள். ஒரு ஸ்டேஜை வழக்கமாக ஐந்து முறை சுட்டு, மிக மோசமான நேரத்தைக் கழித்துவிடுவார்கள். தோட்டாவும் 9 மி.மீ.யைவிட மலிவு.

இந்தப் பிரிவில் நீளக் குழல் தயங்காமல் வாங்கலாம். ரூகர் மார்க் 4 டார்கெட் ஐந்தரை அங்குலத்தில் வருகிறது. உருவி எடுக்கும் வேலை இல்லாததால் நீளம் எங்கும் இடறாது. கனமான குழல் தட்டிலிருந்து தட்டுக்கு நகரும்போது நிதானமாக நிற்கும். பெரிய தட்டுகள் இருக்கும் ‘ஸ்மோக் அண்ட் ஹோப்’ ஸ்டேஜில் குட்டை, நீளம் எதுவாக இருந்தாலும் ஒன்றுதான். தூரத் தட்டுகள் இருக்கும் ‘அவுட்டர் லிமிட்ஸ்’ ஸ்டேஜில், சாதாரண முன்குறி பின்குறியோடு சுடுபவருக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும். என் மகள் பதினான்கு வயதில் முதல்முறை தட்டில் அடித்து அந்த ‘டங்’ சத்தம் கேட்டபோது திரும்பிப் பார்க்காமல் அப்படியே நின்றாள், குழல்வாய் மண்மேட்டை நோக்கியே இருந்தது. அவள் தட்டில் அடித்ததைவிட எனக்கு அதுதான் சந்தோஷம்.

வாங்கும் முன் எப்படிச் சோதிப்பது?

கடைக் கவுன்டரில் தூக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வாடகைக்குத் தரும் ரேஞ்சில் இரண்டையும் எடுத்து, ஒரே நாளில், ஒரே பெட்டித் தோட்டாவோடு சுடுங்கள். முதலில் காலித் துப்பாக்கி, குழல்வாய் இலக்கை நோக்கி. கண்ணை மூடிக் கையை நீட்டி, பிறகு கண்ணைத் திறங்கள். முன்குறி பிளவுக்குள் தானாக வந்து நிற்கிறதா? நிற்கவில்லையென்றால் பிடியின் கோணம் உங்களுக்கு ஒத்துவரவில்லை. பிறகு தோட்டா ஏற்றி, 10 மீட்டரில் இரண்டிரண்டாகப் பத்து. இரண்டாவது தோட்டா முதலாவதுக்கு எவ்வளவு பக்கத்தில் விழுகிறது என்பதை மட்டும் பாருங்கள். முதல் தோட்டா எந்தத் துப்பாக்கியிலும் நன்றாகத்தான் விழும்.

துப்பாக்கி தவிர வேறென்ன செலவு?

கெட்டியான பெல்ட், விசையை முழுதாக மூடும் உறை, இரண்டு மூன்று மேகசின் பைகள், கண்ணாடி, காதுக் கவசம். ஒரு மேட்சுக்கு 150 தோட்டா ஆகும், நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் 20 முதல் 30 டாலர். பட்ஜெட் இடித்தால் துப்பாக்கியில் குறையுங்கள், தோட்டாவில் குறைக்காதீர்கள்.

முதல் மேட்சில் என்ன நடக்கும்? பயமாக இருக்கிறது.

பயம் நல்லதுதான், அது உங்களை மெதுவாக நடக்க வைக்கும். போனதும் புதியவர் என்று சொல்லிவிடுங்கள், பக்கத்திலேயே ஒருவரை நிறுத்துவார்கள். துப்பாக்கியைப் பையிலேயே வைத்துக் கொண்டுபோங்கள். உறையில் மாட்டுவதற்கென்று பாதுகாப்பு மேசை ஒன்று இருக்கும். அங்கே துப்பாக்கியைத் தொடலாம், தோட்டாவைத் தொடக்கூடாது. போலித் தோட்டாகூடக் கூடாது. மற்ற எல்லா இடத்திலும் தோட்டாவை எடுக்கலாம், துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்கக்கூடாது. உங்கள் முறை வந்து ரேஞ்ச் ஆபீசர் ‘மேக் ரெடி’ (தோட்டா ஏற்றித் தயாராகுங்கள்) என்று சொல்லும்வரை எல்லோருடைய துப்பாக்கியும் காலிதான்.

சுடும்போது குழல்வாய் 180 பாகைக் கோட்டை (நீங்கள் நிற்கும் இடத்தில் இடமும் வலமுமாக ஓடும் கற்பனைக் கோடு) தாண்டிப் பின்னால் திரும்பினால் அன்றைய மேட்ச் அத்தோடு முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். அதில் யாருக்கும் விலக்கு இல்லை. இந்த இடத்தில் குட்டை பிஸ்டல்காரர்கள் கூடுதல் கவனம் வைக்கவேண்டும். குழல் சின்னது என்பதால் மணிக்கட்டைத் திருப்பினாலே வாய் சுலபமாகத் திரும்பிவிடும். வலது கைக்காரர் இடப்பக்கம் ஓடிக்கொண்டே மேகசின் மாற்றும்போதுதான் இது அதிகம் நடக்கிறது. முடிந்ததும் மேகசினை எடுத்து, குழலின் தோட்டா அறையைக் காலி செய்து காட்டி, மண்மேட்டை நோக்கி ஒருமுறை காலி விசை அழுத்தி, உறையில் வைப்பீர்கள். முதல் நாள் வேகம் வேண்டாம். எல்லா இலக்கையும் அடித்து, எல்லோரோடும் கைகுலுக்கி வந்தால் அதுவே நல்ல நாள்.

நியூ ஜெர்சி, கலிபோர்னியா பக்கம் இருக்கிறோம். இதெல்லாம் பொருந்துமா?

அங்கே மேகசினில் பத்து தோட்டாதான் அனுமதி. நியூயார்க்கிலும் அப்படியே. 17-க்கும் 15-க்கும் உள்ள வித்தியாசம் அங்கே பேச்சுக்கே வராது, மேகசினை அடிக்கடி மாற்றவேண்டியிருக்கும். அதனாலேயே நீளப் பிடி அங்கே இன்னும் அதிகம் உதவும். நியூ ஜெர்சியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனி அனுமதி வாங்கவேண்டும். கலிபோர்னியாவில் மாநிலப் பட்டியலில் இருக்கும் மாடல்தான் கடையில் புதிதாகக் கிடைக்கும். மாடலை முடிவு செய்யும் முன் பட்டியலைப் பாருங்கள்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். வாங்கலாமா?

குடியேற்றமற்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. எச்-4, எல்-1, எஃப்-1 எல்லாம் இதில் அடங்கும். சில விலக்குகள் உண்டு. ஏதேனும் ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் வைத்திருப்பது அவற்றில் ஒன்று, நம்மவர்கள் அதிகம் பயன்படுத்துவதும் அதுதான். கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் கையில் வைத்திருப்பதாகவே கணக்கு என்பதால், நண்பரோடு ஒருநாள் போய்ப் பார்க்கலாம் என்று கிளம்புபவர்களும் இதைச் சரிசெய்துவிட்டுத்தான் போகவேண்டும். விசாவோடு விளையாடாதீர்கள், குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை கேளுங்கள்.

ஊருக்குப் போகும்போது எடுத்துப்போகலாமா?

கூடாது. 9 மி.மீ. இந்தியாவில் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட அளவு. அதைவிட நான் அஞ்சுவது மறதியை. ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை எடுத்து அதிலேயே துணி அடுக்கிக்கொண்டு விமானம் ஏறுகிறோம். பையின் ஓரத் தையலுக்குள் ஒரே ஒரு தோட்டா உருண்டு கிடந்தால் போதும், விமான நிலையத்தில் எக்ஸ்ரே அதைக் காட்டும், ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரும், விடுமுறை முழுவதும் கோர்ட்டுக்கு அலையவேண்டிவரும். என் ரேஞ்ச் பை கராஜில் ஆணியில் தொங்குகிறது. சிவப்பு நாடா ஒன்றைக் கைப்பிடியில் கட்டி வைத்திருக்கிறேன், வீட்டில் யாரும் அதை வேறெதற்கும் எடுப்பதில்லை.